மேல்பல்லும் கண்ணும்

எல்லாப் பற்களும் முளைத்து முடிந்த பிறகு, கடைவாய் ஓரத்தில் சாவகாசமாக வந்து சேரும் பல்லை இப்போது ஞானப் பல் என்கிறார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அதற்கு இத்தனை மரியாதையான பெயர் கிடையாது. கடவாப் பல் என்போம், அவ்வளவுதான். எனக்கு அது இடது பக்கம் மேலே முளைத்தபோது வயது இருபத்தாறு. கல்யாணமாகி ஏழு மாதம். திருக்கோகர்ணத்தில் வாடகை வீடு. புதுக்கோட்டை சர்வே ஆபீசில் டிரேசர் வேலை.

சமஸ்தானம் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தும் சமஸ்தானத்துக் காலத்து வயல் படங்களை நாங்கள் இன்னும் நகலெடுத்துக்கொண்டிருந்தோம். பழைய படத்தின் மேல் மெல்லிய துணியை விரித்து, அடியில் தெரியும் கோடுகளை மையால் அப்படியே மேலே இழுக்க வேண்டும். நூலளவு தள்ளிப் போனால் ஒருவன் வரப்பு இன்னொருவன் வயலுக்குள் போய்விடும். கண்தான் எனக்கு எல்லாம். கண் மங்கிய டிரேசருக்கு ஆபீசில் நாற்காலி கிடையாது. அப்படி வீட்டுக்குப் போன ஒருவரை நானே பார்த்திருக்கிறேன்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பதை எங்கள் பக்கத்தில் நம்பாதவர் அப்போது யாருமில்லை. மற்றவர்களுக்கு அது காதால் கேட்ட செய்தி. எங்கள் வீட்டில் அதற்குச் சாட்சியே இருந்தது. பெற்றவளை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். என் ஆத்தாளுக்கு இடது கண் தெரியாது. கருவிழி முழுக்க வெள்ளை படர்ந்து, குழம்பில் வெந்த மீனின் கண் போல இருக்கும். நான் தொட்டிலில் கிடந்த காலத்தில் அவளுக்குப் பல்வலி வந்ததாம். நாட்டு வைத்தியன் ஒருவன் இடது பக்கம் மேல் கடவாப் பல்லைப் பிடுங்கினானாம். மூன்றாம் நாள் கண் வெள்ளையாகிவிட்டதாம்.

இந்தக் கதையைச் சொல்வது எப்போதும் அப்பாதான். விராலிமலைக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அங்கே யாருக்குப் பல்வலி என்று கேள்விப்பட்டாலும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். "மேல்பல்லத் தொட்டுறாதீங்கப்பா. சந்தேகமா இருந்தா எங்க வீட்டுல வந்து பாருங்க" என்பார். வந்து பார்த்தவர்களும் உண்டு. ஆத்தா அடுப்படியில் இடது பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். எங்கள் ஊரில் சொத்தைப் பல்லோடு சுடுகாட்டுக்குப் போனவர்கள் பலர். எல்லாம் அப்பாவின் புண்ணியம்.

வலி ஆரம்பித்தபோது நான் அதைச் சட்டை செய்யவில்லை. கிராம்பை வைத்துக் கடித்தேன். ஒரு வாரத்தில் அந்தப் பல் நேராக இறங்காமல் பக்கவாட்டில் திரும்பிக் கன்னத்தின் உட்புறத்தைக் கிழிக்க ஆரம்பித்தது. ஒரு வாய் சோற்றை மென்றால் காது வரைக்கும் குத்தியது. பேனாவைப் பிடித்தால் கோடு நேராக வரவில்லை. ஆபீசில் எனக்கு மூத்தவரான டிராப்ட்ஸ்மேன் என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். மேல்பல் என்றதும் அவர் முகமே மாறிவிட்டது.

"மேல கை வச்சிறாதீங்க. பேசாம அதுக்கு நேர் கீழ இருக்குற பல்ல எடுத்துருங்க. மேல கட்டியிருக்குற கெட்ட நீரெல்லாம் அந்த வழியா எறங்கிரும்" என்றார்.

இன்றைக்கு இதைக் கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அன்றைக்கு இது மிக நியாயமாகப் பட்டது. காலை முதல் மாலை வரை வாய்க்காலும் மடையுமாக வரைந்து பழகியவன் நான். கீழே மடையைத் திறந்தால் மேலே தேங்கிய தண்ணீர் இறங்கத்தானே வேண்டும்? கண்ணும் பிழைக்கும், வலியும் போகும். இவ்வளவு படித்தும் இது நமக்குத் தோன்றவில்லையே என்று என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும் வழியில் விராலிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். மெயின் ரோட்டு ஓரத்தில் கறுப்புக் குடையை நட்டுக்கொண்டு ஒரு பல் வைத்தியர் உட்கார்ந்திருப்பார். எதிரே ஒரு சாக்கில் அவர் பிடுங்கிய பற்கள் குவியலாகக் கிடக்கும். அதுதான் அவருக்கு விளம்பரப் பலகை. நான் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, கீழே கடைசிப் பல்லின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவர் அதைத் தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார்.

"இது கல்லு மாதிரி இருக்குங்களே. வலி இதுலதானா?" என்றார்.

"நான் சொல்றேன்ல, புடுங்குய்யா" என்று எரிந்து விழுந்தேன். நான் கோபக்காரன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்பனைப் போலவே பிள்ளை என்று ஊரில் சொல்வார்கள். அதை ஒரு பட்டம் போலச் சுமந்துகொண்டு திரிந்த வயது.

அவர் ஏதோ எரிகிற தண்ணீரைப் பஞ்சில் தொட்டு ஈறில் வைத்தார். பிறகு ஒரு முழங்காலை என் நெஞ்சில் ஊன்றிக்கொண்டு குறடால் பல்லைக் கவ்வி இழுத்தார். பல் வரவில்லை. நான்தான் அதோடு சேர்ந்து எழுந்தேன். மூன்றாவது இழுப்பில் என் மண்டைக்குள்ளே ஏதோ முறிந்தது போல ஒரு சத்தம். ரோட்டில் போன லாரியின் சத்தம்கூட அதற்குப் பிறகுதான் கேட்டது. வாய் நிறைய ரத்தம். உயிர் போய் உயிர் வந்தது.

அவர் பல்லைத் துடைத்து வெயிலில் காட்டிப் பார்த்தார். உரித்த பூண்டு போல வெள்ளை வெளேரென்று, ஒரு புள்ளி அழுக்கில்லாமல், இரண்டு வேரும் முழுசாக இருந்தது.

"அய்யய்ய, நல்ல பல்லுங்களே!" என்றார். அந்த மனிதர் உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "இத நானே வச்சுக்கிடட்டுங்களா? வேரு ஒடையாம இந்த மாதிரி கெடைக்கிறது அபூர்வம்" என்று கேட்டு, குவியலின் உச்சியில் வைத்துக்கொண்டார்.

மடை திறந்தாயிற்று. தண்ணீர்தான் இறங்கவில்லை. மேலே பழைய வலி, கீழே புது வலி என்று இரண்டு கச்சேரி நடந்தது. ஐந்தாம் நாள் காலையில் எழுந்து பல் துலக்க வாயைத் திறந்தேன். திறக்கவில்லை. இரண்டு விரற்கடைக்கு மேல் தாடை அசைய மறுத்தது. அடுத்த நாள் ஒரு விரல்கூட நுழையவில்லை. என் வாய் எனக்கே கதவைச் சாத்திக்கொண்டதைப் பார்த்து நான் மிரண்டுபோனேன். என் மனைவி பயந்துபோய் ஊருக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்ப, ஆத்தா கஞ்சி காய்ச்சிக் கொடுக்க வந்து சேர்ந்தாள்.

அடுத்து நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆத்தா வந்த மூன்றாம் நாள் காலை. ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாய் கொப்பளிக்க வெந்நீரில் உப்புப் போட்டு வெண்கலச் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள் என் மனைவி. சூடு அதிகம். இடுக்கு வழியாக உறிஞ்சியதும் கிழிந்த கன்னத்தில் பட்டு எனக்குக் கண் இருண்டது. சொம்பை அப்படியே வீசினேன். அவள் மேல் எறியவில்லை என்று அன்றைக்கு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவள் நின்ற பக்கம்தான் அது போயிற்று. அவள் காதை உரசினாற்போலப் போய் நிலைக்கதவில் மோதி, தரையில் உருண்டது. அவள் கூச்சல் போடவில்லை. குனிந்து சிந்திய தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அடுப்படியிலிருந்து ஆத்தா வந்தாள். சொம்பை எடுத்தாள். விளிம்பில் நசுங்கியிருந்த இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். வலியில் செய்தது, வலி தீர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

டவுனில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் ஒரு நாள் பல் டாக்டர் வருவார். சென்னையில் படித்த இளைஞர். வேறு வழியில்லாமல் அவரிடம் போனேன். ஒரு சின்ன இரும்புக் கரண்டியை இடுக்கில் நுழைத்து விளக்கடித்துப் பார்த்தவர், "கீழ்ப்பல்லை எடுத்தது யார்? எதுக்கு?" என்றார். நான் மடைக் கதையைச் சொன்னேன். அவர் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க படிச்சவர்தானே?" என்று மட்டும் கேட்டார்.

பெனிசிலின் ஊசி ஐந்து நாள். அதில் தாடை கொஞ்சம் தளர்ந்ததும் மேல்பல்லை எடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் சீழ் தொண்டைக்கு இறங்கி மூச்சை அடைத்துவிடும். போன மாதம் இப்படி ஒருவரைக் கட்டை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்களாம். தான் பார்க்கும்போதே நேரம் கடந்துவிட்டது என்றார் டாக்டர். உயிரா, கண்ணா? கண் இல்லாமல் உயிரை வைத்துக்கொண்டு நான் என்ன வேலை பார்ப்பேன்? ஊருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். பல் எடுக்கும் நாளன்று அப்பா முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு நான், அப்பா, ஆத்தா மூன்று பேரும் போனோம். காலால் மிதித்தால் உயரும் இரும்பு நாற்காலியில் என்னை உட்காரவைத்து, டாக்டர் பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். ஊசி போட்டதும் கன்னம் தடித்த மாதிரி இருக்கும். வலிக்காது, ஆனால் இழுப்பது தெரியும், சத்தம் கேட்கும், பயப்படக் கூடாது. எடுத்த பிறகு பஞ்சை அரை மணி நேரம் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். அன்றைக்குத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, பேசக் கூடாது. மறுநாள் நன்றாக வீங்கும், அதைப் பார்த்து அலறக் கூடாது. மூன்று நாள் கஞ்சிதான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒன்றும் காதில் ஏறவில்லை. கடைசியில் கேட்டேன்: "கண்ணு?"

"கண்ணுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்றார் டாக்டர்.

அப்பா முன்னால் வந்தார். "அப்படிச் சொல்லாதீங்க டாக்டரய்யா. இந்தா நிக்கிறா பாருங்க இவன் ஆத்தா. இதே எடது பக்கம், இதே கடவாப் பல்லு. புடுங்குன மூணாம் நாளு கண்ணு போச்சு. கண்ணால பாத்தவன் சொல்றேன்."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "வேணாம் டாக்டர். ஊசியிலயே பாத்துக்கிறேன்" என்றேன். ஊசியால் ஆகாது, நான்கு நாளில் மறுபடி பூட்டிக்கொள்ளும் என்று அவர் சொல்வதைக் கேட்காமல் செருப்பைத் தேடினேன்.

அப்போதுதான் ஆத்தா வாய் திறந்தாள்.

"இருடா தம்பி" என்றாள். வெளியே போய் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பி, குழாயில் நன்றாகக் கொப்பளித்துவிட்டு வந்தாள். நான் காலி செய்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"டாக்டரய்யா, எம்பல்லக் கொஞ்சம் எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க. இவன் கேக்கட்டும்" என்று வாயை அகலத் திறந்தாள்.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கை இழுத்து, அவள் கன்னத்தைக் கண்ணாடியால் ஒதுக்கி, இடது பக்கம் மேலே எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு. ரெண்டு. மூணு." ஆறு வரைக்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏழு என்றார். எட்டு என்றார். "எட்டாவது பல் நல்லாவே இருக்கு. இந்தப் பக்கம் எதையும் எடுத்ததே இல்லையே அம்மா" என்றார்.

"அப்ப... அது கீழ்ப்பல்லா இருக்கும்" என்றார் அப்பா.

டாக்டர் கீழேயும் எண்ணினார். வலது பக்கமும் எண்ணினார். வெற்றிலைக் கறை ஏறிக் கறுத்துப்போயிருந்தாலும், ஒன்று குறையாமல் முப்பத்திரண்டு. பெற்ற தாயின் வாய்க்குள் எந்தப் பிள்ளை எட்டிப் பார்த்திருக்கிறான்? இருபத்தாறு வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன் நான். அவள் வாயில் எத்தனை பல் என்று எனக்குத் தெரியாது.

அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெளியே போனார்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது ஆத்தாளைப் பற்றிய நினைப்பில்லை. விராலிமலை ரோட்டோரத்தில் ஒரு சாக்கின் மேல் கிடக்கும் என் பல்லைத்தான் நினைத்தேன். ஒரு பொய்க்கு அதைப் பறிகொடுத்தேனே என்று ஆத்திரம் வந்தது. அதற்குப் பிறகுதான், அப்படியானால் கண் எப்படிப் போயிற்று என்ற கேள்வி வந்தது. கேட்கத் திரும்பினேன். ஆத்தா நாற்காலியிலிருந்து இறங்கி, "ஏறி உக்காரு" என்றாள். ஏறி உட்கார்ந்தேன். ஊசி இறங்கியது.

டாக்டர் சொன்னதெல்லாம் வரிசையாக நடந்தது. கன்னம் என்னுடையது இல்லை என்பது போல மரத்தது. ஏதோ ஒரு கம்பியைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் கொடுத்து நெம்பினார். வலி இல்லை. ஆனால் காதுக்குள் மரம் பிளக்கிற சத்தம் கேட்டது. விராலிமலையில் மண்டைக்குள் கேட்ட அதே சத்தம், கொஞ்சம் நிதானமாக. பிறகு ஒரு திருகல். தட்டில் 'டக்' என்று ஒரு பல் விழுந்தது. வேர் கொக்கி போல வளைந்திருந்தது. இரண்டு தையல் போட்டார். பஞ்சைத் திணித்து, "கடிச்சுக்குங்க. நாளைக்கு வரைக்கும் பேச்சே கூடாது" என்றார்.

கேள்வி தொண்டையில் இருக்க, வாய் நிறையப் பஞ்சோடு வெளியே வந்தேன். வராந்தாவில் அப்பா இல்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனதாக வாட்ச்மேன் சொன்னான். ஆத்தாளும் நானும் ஒரே குதிரை வண்டியில் திருக்கோகர்ணம் வரைக்கும் வந்தோம். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கேட்க வாய் இல்லை. மரப்பு இறங்க இறங்க வலி ஏறியது. அன்று முழுக்கக் குப்புறவும் மல்லாக்கவுமாகப் புரண்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கிப்போனேன்.

மறுநாள் விடிந்து வெகு நேரம் கழித்து விழித்தேன். இடது பக்கம் இருட்டு.

கையை எடுத்துக் கண்ணைத் தொட்டேன். கண் இருந்த இடத்தில் ஒரு சதைக் கட்டிதான் கையில் தட்டுப்பட்டது. இமையைப் பிரிக்க முடியவில்லை. போச்சு, என் கண்ணும் போச்சு என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்களாம். முதல் நாள்தான் ஆத்தாளின் முப்பத்திரண்டு பல்லையும் என் காது குளிரக் கேட்டேன். வீங்கும், அலறக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் இருந்தார். அதெல்லாம் எங்கே போயிற்றோ? பயம் மட்டும் போகவில்லை; அது இருபத்தாறு வருஷமாக என்னோடு வளர்ந்த பயம்.

ஆத்தா வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தாள். என் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்து, துணியை இமை மேல் வைத்து ஒற்றினாள். ஒற்றி ஒற்றி, ஒட்டியிருந்த பீளையைத் துடைத்து, இரண்டு விரலால் இமையைப் பிரித்தாள்.

"தெரியுதா?"

தெரிந்தது. முதலில் வெளிச்சம். பிறகு அவள் முகம், என் முகத்துக்கு ஒரு சாண் மேலே. அவ்வளவு பக்கத்தில் அவளுடைய வெள்ளைக் கண்ணை நான் பார்த்ததே இல்லை. இடது புருவத்தின் நடுவில் முடி முளைக்காத ஒரு கோடு இருந்தது. பிறை போல வளைந்த கோடு. பாத்திரத்தின் விளிம்பு பட்டால்தான் அப்படி ஒரு வடு விழும். கோடுகளைப் பார்த்தே வயிறு வளர்த்தவன் நான். இந்தக் கோடு என் கண்ணில் படவே இல்லை.

"ஆத்தா, கண்ணு எப்படிப் போச்சு?" என்று வீங்கிய வாயால் குழறினேன்.

அவள் துணியை மறுபடி நனைத்தாள். "குடிக்கத் தண்ணி கேட்டாக. நீ தொட்டில்ல கத்திக்கிட்டு கெடந்த. ஒன்னய அமத்திப்புட்டுக் கொண்டாரக் கொஞ்சம் நேரமாயிருச்சு. சொம்ப வாங்குனாக, எறிஞ்சாக. அம்புட்டுத்தான்."

"பல்லுன்னு சொன்னது?"

"ஊரு கேக்கும்ல? அவுகதான் அப்படிச் சொன்னாக. நானும் சரின்னுட்டேன். கைப்புள்ளய வச்சுக்கிட்டு எங்கிட்டுடா போறது?"

அப்பா கிராமம் முழுக்கச் சுற்றிச் சுற்றி அந்தக் கதையைச் சொன்னதும், வந்தவர்கள் எட்டிப் பார்த்ததும், ஆத்தா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதும் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஒரு மனிதனால் இதை இப்படிச் சொல்லிக்கொண்டே திரிய முடியுமா? அந்தக் கண்ணைச் சாட்சிக்குக் கூப்பிட முடியுமா? அப்பாமேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் தையல் தெறித்துவிடும் போல இருந்தது.

"இத்தன வருஷம் சொல்லாதவ, நேத்து எதுக்கு ஆத்தா சொன்ன?" என்றேன். என் உயிரைக் காப்பாற்றத்தான் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

"அன்னைக்குக் காலையில நீ சொம்ப எறிஞ்சேல்ல? நான் அடுப்படியில இருந்தேன். சத்தம் கேட்டுச்சு. அதே சத்தம்டா" என்றாள். துணியைப் பிழிந்து உதறிவிட்டு, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் என் மனைவி கொப்பளிக்க உப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். அதே வெண்கலச் சொம்பு. விளிம்பில் நசுங்கல் அப்படியே இருந்தது. அவள் அதை என் கையில் கொடுக்கவில்லை. எனக்கு எட்டுகிற தூரத்தில் தரையில் வைத்தாள். வைத்ததும் பின்னாலேயே நடந்து நிலைக்கதவைத் தாண்டி நின்றுகொண்டாள். பத்து நாளாக அவள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். சாப்பாட்டுத் தட்டு, காப்பி டம்ளர், ஆபீசுக்குச் சட்டை எல்லாவற்றையும் அப்படித்தான் வைத்துவிட்டு நகர்ந்தாள். மாமியார் வந்திருப்பதால் கூச்சப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்த பத்து நாளும் அது எனக்குத் தெரியவில்லை.

"இங்கிட்டு வா" என்றேன். வீங்கிய வாயில் அது அதட்டல் போலத்தான் வந்திருக்கும்.

"வாரேங்க" என்றாள். வரவில்லை. நான் சொம்பை எடுக்கக் கையை நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை சொம்பைத் தொட்டதும் அவள் தலை கதவுக்குப் பின்னால் மறைந்தது.

வாயில் பஞ்சு இல்லை. டாக்டர் பேசக் கூடாதென்று சொன்ன நாளும் முடிந்துவிட்டது. ஆனாலும் அவளை இன்னொரு முறை கூப்பிடவில்லை. சொம்பை எடுக்காமல் கையை மெல்லப் பின்னால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தண்ணீர் ஆறிப்போகும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.